தானாக மூடும் கருவாட்டுத் தட்டியும் பரிசோதகர் அழகரத்தினமும்

பனிச்சங்கேணியில் அழகரத்தினத்தைக் கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள். ஆனால் வீட்டில் புதிதாக வாங்கிய சாமான் ஏதும் இருந்தால், அதை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். முன்பொருமுறை ஒரு மாப்பிள்ளை வீட்டார், மடித்து லொறியில் ஏற்றக்கூடிய மணவறை ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, இப்படியொன்று இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தார்கள். தாலி கட்டி முடிந்த கையோடு அழகரத்தினம் எழும்பிப் போய், மணவறைக்குப் பின்னால் குனிந்து, பிணைச்சல்களைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, "இது முந்தியே இருக்கு. ஜெர்மன்காரன் முப்பத்தொராம் ஆண்டில கட்டிலுக்குச் செஞ்சிற்றான்" என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை.

செத்த வீட்டிலும் மனிதர் அடங்கியிருந்ததில்லை. பெட்டியின் கைப்பிடியைப் பார்த்து "சுவீடன்" என்று முணுமுணுத்ததைப் பெட்டி தூக்கிய நான்கு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அழகரத்தினத்துக்குக் காமாலை இல்லை, உத்தியோகம்தான் அப்படி. மட்டக்களப்பு நகரத்தில் ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் 'கண்டுபிடிப்புப் பரிசோதனைக் கிழக்குப் பிரிவு' என்ற பலகையோடு ஓர் அலுவலகம் இருந்தது. யாராவது ஒரு பொருளைப் புதிதாகக் கண்டுபிடித்து, "இது என்னுடையது, எனக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் தாருங்கள்" என்று விண்ணப்பித்தால், அது உண்மையிலேயே புதிதுதானா என்று பார்த்துச் சொல்வது அங்கே பரிசோதகராக இருந்த அழகரத்தினத்தின் வேலை. உள்ளூரில் புதிதாக இருந்தால் போதாது. உலகத்தின் எந்த மூலையிலாவது, எந்தப் பாஷையிலாவது, விண்ணப்பத் தேதிக்கு ஒரு நாள் முந்தியாவது அது அச்சில் வந்திருந்தால் போச்சு. இருபத்தைந்து வருடமாக அவர் அந்த ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதில் அவர் சூரன்தான், அதை மறுக்க முடியாது. உலகத்தில் எங்கே விண்ணப்பம் போட்டாலும் அந்தப் பொருளின் வகைக்கு ஓர் இலக்கம் குத்துவார்கள். பாஷை வேறானாலும் இலக்கம் ஒன்றுதான். அந்த இலக்கத்தைக் கணினியில் போட்டால் கொரியா, பிரான்ஸ், பிரேசில் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். எழுத்து விளங்காதே என்று அழகரத்தினம் கவலைப்பட்டதில்லை. எழுத்து பொய் சொல்லும், படம் சொல்லாது என்பது அவருடைய கட்சி. முதல் பக்கத்துப் படங்களை மட்டும் சீட்டுக்கட்டுப் போலத் தட்டிக்கொண்டே போவார். ஒரு மணித்தியாலத்தில் நானூறு படம் அவருடைய கணக்கு.

பொருந்துகிற படம் கிடைத்தால், அதற்கு இங்கிலீசு பேசும் உடன்பிறப்பு உண்டா என்று பார்ப்பார். ஒரே கண்டுபிடிப்பை ஐந்து நாட்டில் பதிந்திருப்பார்கள். ஐந்துக்கும் மூலம், முதன்முதல் போட்ட ஒரே விண்ணப்பம். கொழும்பிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் இதை விளங்கப்படுத்த ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். அழகரத்தினத்துக்கும், அவருடைய மேலதிகாரி ஏறாவூர் நிஸ்றாவுக்கும் அரை நிமிஷம் போதுமாக இருந்தது. "தாய் வழியில போனா என்ன குடி எண்டு தெரிஞ்சிரும், அவ்வளவுதானே மிஸ்?" என்று அவர் கேட்க, "அதேதான் சேர்" என்று நிஸ்றா சொல்ல, இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சென்றால் முதலில் தாயின் குடியைக் கேட்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இதற்கெல்லாம் பயிற்சி தேவையில்லை.

இன்னொரு கொள்கையும் அவரிடம் இருந்தது. விண்ணப்பத்தில் பெயர், விலாசம் இருக்கும் இடத்தில் மஞ்சள் கடதாசித் துண்டு ஒன்றை ஒட்டி மறைத்துவிடுவார். கோப்பு மேசைக்கு வந்தவுடன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தடவித் தடவி ஒட்டுவார். "பேரைப் பாத்தா மனம் சாயும் மிஸ். நீதிக்குக் கண் இருக்கப்படாது" என்பார். கடிதத்தில் விலாசம் எழுதுவதெல்லாம் எழுதுவினைஞரின் பாடு. இந்தக் கொள்கைக்காக ஒரு வருடம் அவருக்கு நற்சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரோடு கண்ணகை இருபத்தேழு வருடம் குடும்பம் நடத்தினாள். ஈரப்பலாக்காயோடு கூனி இறால் போட்டுப் புதிதாக ஒரு கறி வைத்தால், "கொரியாவில இருக்கு" என்பார். கிழிந்த சாரத்தைத் தைத்துத் தலையணை உறை ஆக்கினால், "அமெரிக்காக்காரன் எண்பத்தொன்பதில" என்பார். திட்டுவதற்கு அவர் சொல்வதில்லை, உண்மை என்று சொல்வதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கண்ணகையின் ஆசை பெரிதல்ல. இந்த உலகத்தில் முதன்முதலாகத் தன் கையால் வந்த ஒரு பொருள் உண்டு என்று, அந்த மனிதரின் வாயால், ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று தங்கச்சி வதனியிடம் சொல்லியிருக்கிறாள்.

கண்ணகையின் தொழில் கருவாடும் கூனியும் காயவைத்து விற்பது. வாவிக்கரை வளவில் கம்பு நட்டு, வலை கட்டி, அந்தத் தட்டியில் பரப்பிவிட்டால் வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் மாரி தொடங்கிவிட்டால் வெயிலை நம்பக்கூடாது. பல்லிளித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டும். ஒருமுறை நனைந்த கூனி மறுநாள் வீசும் நாற்றத்துக்குக் காகமும் கிட்ட வராது. ஆகவே கண்ணகை காலையிலிருந்து பொழுதுபடும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டே சமைத்தாள், பார்த்துக்கொண்டே குளித்தாள். தம்பியின் கல்யாணத்தில்கூட வாசல் பக்கம் கதிரை போட்டு வானத்தைப் பார்த்தபடிதான் சாப்பிட்டாள்.

வழி காட்டியது கோழிக்கூடு. மழை பெய்தால் மட்டும் கோழிக்கூட்டின் கதவு திறந்து கோழிகள் வெளியே நின்றன. மரநாய் என்றார் அழகரத்தினம். மரநாய் ஏன் கோழியைத் தின்னாமல் கதவை மட்டும் திறந்துவிட்டுப் போகிறது என்று கண்ணகை யோசித்தாள். உடுப்புக் காயப்போடும் பருத்திக் கயிற்றின் ஒரு முனை அந்தக் கதவின் கொளுக்கியில் கட்டியிருந்தது. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். சுருங்கின கயிறு கொளுக்கியை இழுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஒரு கிழமைக்குள் தட்டியின் உச்சியில் மழைநீர் ஒழுகாத தறப்பாள் விரிப்பைச் சுருட்டி வைத்து, சுருளுக்குள் பாரத்துக்குத் தண்ணீர் நிரப்பிய குழாயைச் செருகி, உருண்டு விடாமல் ஒரு முளையால் தடுத்து, முளையில் பருத்திக் கயிற்றைக் கட்டினாள். முதல் மழைக்குக் கயிறு சுருங்கியது, முளை கழன்றது, தறப்பாள் உருண்டு இறங்கித் தட்டியை மூடியது. கண்ணகை அடுப்படியில் நின்று, கையில் அகப்பையோடு, ஆள் இல்லாத இடத்தில் ஓவென்று அழுதாள்.

வெல்லாவெளியில் பள்ளிக்கூட ரீச்சராக இருந்த வதனி படம் கீறி, படிவம் நிரப்பி, தன் விலாசத்தைப் போட்டு, 'கந்தக்குட்டி கண்ணகை' என்று தகப்பன் பெயரோடு விண்ணப்பத்தை அனுப்பினாள். கோப்பு கிழக்குப் பிரிவுக்குத்தான் வரும், மஞ்சள் துண்டு ஒட்டித்தான் பார்க்கப்படும் என்று கண்ணகைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினாள். இந்தச் சங்கதி அழகரத்தினத்துக்கு மட்டும் தெரியாது. நீங்களும் சொல்லிவிட வேண்டாம்.

அனுப்பி எட்டாம் மாதம் கோப்பு அவருடைய மேசைக்கு வந்தது. கண்ணைப் பாதி மூடினார், துண்டை ஒட்டினார், படத்தைப் பார்த்தார். "கெட்டிக்காரன்" என்றார். கண்டுபிடிக்கிறவன் ஆம்பிளை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிறகு இலக்கத்தைப் போட்டுத் தட்டத் தொடங்கினார். இரண்டு நாளில் மூவாயிரத்துச் சொச்சம் படங்கள் போயின. நார்வேயில் மீன் காயவிடும் கொட்டில், பெருவில் சோளம் காயவிடும் பரண், யாரோ ஓர் ஆஸ்திரியாக்காரனின் காளான் அலுமாரி. ஒன்றும் பொருந்தவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் ஜப்பான் வந்து அகப்பட்டது. எழுபத்தோராம் ஆண்டுப் பத்திரம். முதல் பக்கத்தில் அதே தட்டி, அதே சுருள், அதே முளை. முளையிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டுப் படத்தின் ஓரம்வரை போனது. குடி பார்த்தார். வேறு நாட்டில் பதியாத தனிக்கட்டை, இங்கிலீசு பேச உடன்பிறப்பு இல்லை. கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தார். அது, "மழையின் வருகையால் மீனுக்கு மனவருத்தம் உண்டாகும் வேளையில் கயிறு இழுபட்டு, போர்வையானது மரியாதையுடன் இறங்கி வரும்" என்றது. மீனின் மனவருத்தத்தை விட்டுத்தள்ளினால் வேறென்ன வேண்டும்? மழை வருகிறது, கயிறு இழுபடுகிறது, போர்வை இறங்குகிறது. அழகரத்தினம் மேசையில் தட்டிச் சிரித்தார். "புதுமை இல்லை" என்று எழுதி, ஜப்பான் பத்திரத்தின் முழுப் பிரதியையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தும் கால் வலிக்கவில்லை.

அந்த எட்டு மாதமும் அந்தத் தட்டி அவருடைய வளவில் அவருக்கு முன்னால்தான் நின்றது. அதில் குடையைக் கொளுவியிருக்கிறார், சேர்ட்டைக் காயப்போட்டிருக்கிறார், ஒருமுறை அந்த முளையில் நெற்றியை இடித்து வீங்கவும் வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேன்டீயோடு வளவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவருக்குத் திடீரென்று கண் திறந்தது. கோப்பை சரிந்து சாரத்தில் ஊற்றியதையும் கவனிக்காமல் எழும்பினார்.

"இத எங்க பாத்து நீ செஞ்ச?"

கூனி பரப்பிக்கொண்டிருந்த கண்ணகை நிமிர்ந்தாள். "எத?"

"இந்த முளை, இந்தக் கயிறு, இந்தத் தறப்பாள். இது ஒரு ஆளுட விண்ணப்பத்தில வந்த சாமான். இன்னும் வெளியில வராதது. அரசாங்க ரகசியம்! நீ என்ட பேக்கத் துறந்தியா?"

கண்ணகை மறுபடி கூனியைப் பரப்பத் தொடங்கினாள். "அப்ப நான் களவெடுத்த எண்டு சொல்றீங்க?"

"ஒரு புள்ளிகூட மாறல்ல. அச்சொட்டா அதுதான். அந்த மனிசன் வழக்குப் போட்டா என்ட வேலையும் போகும், பென்சனும் போகும்."

"அந்த மனிசன்ட கடதாசிய நீங்க என்ன செஞ்சீங்க?"

"புதுசில்ல எண்டு எழுதிற்றன். ஜப்பான்காரன் முந்தியே செஞ்சிற்றான்."

கண்ணகையின் கை கூனிக்குள் அப்படியே நின்றது. முகம் வெளிறியதை அவர் களவு பிடிபட்ட முகம் என்று எடுத்துக்கொண்டார்.

"அந்த ஆள் பாவம்" என்றாள்.

"பாவம் பாத்தா இந்த வேலை செய்யேலாது."

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அழகரத்தினம் முதல் பஸ்ஸிலேயே போய் நிஸ்றாவின் மேசைக்கு முன்னால் நின்றார். அவர் கையில் இரண்டு பக்கத்தில் ஒரு வாக்குமூலம் இருந்தது.

"மிஸ், ஒரு களவு நடந்திருக்கு."

"எங்க சேர்?"

"என்ட வீட்டில."

"அதுக்குப் பொலிசுக்குப் போகாம ஏன் இஞ்ச வந்தீங்க? என்ன களவு போயிற்று?"

"களவு போகல்ல மிஸ். களவு வந்திருக்கு."

நிஸ்றா வாக்குமூலத்தை இரண்டு தடவை வாசித்தார். ஒரு பெண், தன் புருஷனின் பையிலிருந்த அரசாங்க ரகசியத்தைப் பார்த்துக் கருவாட்டுத் தட்டி கட்டிய குற்றத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த எந்தச் சுற்றறிக்கையிலும் ஒரு வரி இல்லை. "சரி, பாதிக்கப்பட்ட ஆளுக்கு அறிவிக்கணுமே, ஆள் ஆர்?" என்று கேட்டார்.

"நான் பேர் பாக்கிறல்ல மிஸ். உங்களுக்குத் தெரியும்தானே."

நிஸ்றா கோப்பை எடுப்பித்து மஞ்சள் துண்டை உரித்தார். எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று அழகரத்தினம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சேர், உங்கட பொஞ்சாதிட பேர் என்ன?"

"கண்ணகை."

"அவட தகப்பன்ட பேர்?"

"கந்தக்குட்டி. ஏன் மிஸ்?"

"கந்தக்குட்டி கண்ணகை, வெல்லாவெளி. இதுதான் விண்ணப்பதாரர்."

அழகரத்தினம் யன்னலைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. "மட்டக்களப்பில ஊருக்குப் பத்துக் கண்ணகை மிஸ்" என்றார். "வெல்லாவெளியிலயும் ஒரு கந்தக்குட்டிக்கு ஒரு கண்ணகை பிறந்திருக்கலாம்."

"ஓம். அவவும் கருவாடு போடலாம். அவட புரிசனும் ஒண்டும் தெரியாத ஆளா இருக்கலாம்" என்றார் நிஸ்றா. "இதில தொடர்புக்கு ஒரு தொலைபேசி இலக்கம் இரிக்கி. அடிச்சுப் பாப்பமா?" சொல்லிவிட்டு இலக்கத்தை உரக்க வாசித்தார். வதனியின் இலக்கம் அது. அழகரத்தினம் மனப்பாடமாக வைத்திருந்த நான்கு இலக்கங்களில் ஒன்று.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நிஸ்றாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் மனிதரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "பொஞ்சாதிட கோப்பு நீங்க பாக்கேலாது சேர். உங்கட முடிவ நீங்களே திருப்பி எடுக்கணும். படிவத்தில 'விண்ணப்பதாரர் உறவினர்' எண்டு காரணம் போட்டாக் காணும். ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. கோப்பை நான் பாக்கிறன்" என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அழகரத்தினம் பகல் பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினார். வழி நெடுக அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வெளிறிய அந்த முகம்தான் வந்துகொண்டிருந்தது. வாழைச்சேனையில் இறங்கி வேறெங்காவது போய்விடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. போக இடம் இல்லை. இருப்பதும் கண்ணகையின் சீதன வீடுதான்.

வீட்டில் கண்ணகை தட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் வதனி இரண்டு பஸ் மாறி வந்து கடித உறையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவருடைய கையெழுத்துப் போட்ட கடிதம் ஒரு பக்கத்திலும், ஜப்பான் பத்திரத்தின் பிரதி மறுபக்கத்திலும் பாயில் கிடந்தன. அழகரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரில் குந்தினார்.

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? தட்டிய ஏறிட்டும் பாக்காம, முந்தியே இருக்கு எண்டிருப்பீங்க. ஆருட சாமான் எண்டு தெரியாட்டித்தான் நீங்க வடிவாப் பாப்பீங்க. அதுக்குத்தான் அனுப்பின."

"பாத்தன்தானே."

"ஒரு பக்கம் பாத்தீங்க" என்றாள் கண்ணகை. "மற்றப் பக்கத்தக் கிறுக்கிப் பாத்தீங்களா?"

நானூறு படம் ஒரு மணித்தியாலத்தில் பார்க்கிறவன் மற்றப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. கண்ணகை பிரதியை எடுத்து, இரண்டாம் தாளைப் புரட்டி, அவர் முழங்காலில் வைத்தாள்.

முதல் படத்தில் ஓரத்தோடு மறைந்துபோன கயிறு இரண்டாம் படத்தில் தொடர்ந்தது. வளவைக் கடந்து, வீட்டுச் சுவரில் ஒரு துளைக்குள் நுழைந்து, அடுப்படிக்குள் போனது. அடுப்படியில் ஒரு பெண் குந்தியிருந்தாள். ஒரு கையால் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் கயிற்றின் முனை இருந்தது. தலை யன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் விளங்காத எழுத்தில் அவளுக்கும் ஓர் இலக்கம் போட்டிருந்தார்கள், முளைக்கும் தறப்பாளுக்கும் போட்டதுபோல.

"ஜப்பான்காரன்ட சாமான்ல கயிறு தானா இழுபடல்ல" என்றாள் கண்ணகை. "அவள்தான் இழுக்காள். அம்பது வருசத்துக்கு மேல அந்தக் கயித்தப் புடிச்சுக்கிட்டு, மழை வருதா வருதா எண்டு பாத்துக்கிட்டு இருக்காள். உங்களோட நானும் இருபத்தேழு வருசம் அப்பிடித்தான் இருந்தன். கயித்த விட்டுட்டு ஒழும்பினதுதான் நான் செஞ்ச புதுசு."

அழகரத்தினம் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கத்தில் காது சுட்டது. தேடித் தேடி உலகமெல்லாம் போய், கடைசியில் அவர் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது தன் சொந்த அடுப்படியைத்தான். அதையும் பாதியோடு விட்டுவிட்டார். கண்ணகை காய்ந்த கூனியை ஓலைக் கடகத்தில் அள்ளத் தொடங்கினாள்.

பிறகு அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்துப் பாயில் வைத்து எழுதினார். முடிவைத் திருப்பி எடுப்பதற்கான காரணம் என்ற இடத்தில், 'விண்ணப்பதாரர் உறவினர்' என்று இரண்டு சொல் போட்டிருந்தால் அவருடைய இருபத்தைந்து வருடப் பெயருக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. அந்தச் சொற்களை எழுதத்தான் செய்தார். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதி, கையெழுத்து வைத்து, கண்ணகையிடம் வாசிக்கக் கொடுத்தார். அவள் கையில் ஒட்டிய கூனியைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தாள்: 'பரிசோதகர் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். இப்படி ஒன்று முந்தி இல்லை.'